ஃபிளாட் "கம்ப்ளீட்" என்றால் யார் கணக்கில் கம்ப்ளீட்? முதல்முறை வாங்குபவர்களுக்கு

"சார், ப்ராஜெக்ட் கம்ப்ளீட் சார். நாளைக்கே பால் காய்ச்சிக்கலாம்."

ஜனவரி மாதம் அம்பத்தூர் பக்கம் ஒரு ஃபிளாட் பார்க்கப் போனபோது விற்பனைப் பிரிவுத் தம்பி சொன்னது இது. ஸ்டில்ட்டுக்கு (வண்டி நிறுத்தும் கீழ்த்தளம்) மேல் மூன்று மாடி, மொத்தம் 12 வீடு. பெயிண்ட் அடித்தாகிவிட்டது, டைல்ஸ் பளபளத்தது, லிஃப்ட்கூட ஓடியது. அன்று மாலையே 2 லட்சம் முன்பணம் கொடுத்துவிட்டேன். பால் காய்ச்சியது ஆகஸ்ட் கடைசியில். நடுவில் 7 மாத வாடகை 1,26,000 ரூபாய். கட்டியே இருக்க வேண்டாத ஜி.எஸ்.டி. 3 லட்சம் அது தனி.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தத் தம்பி பொய் சொல்லவில்லை. கொத்தனாரும் பெயிண்டரும் வேலையை முடித்துவிட்டுப் போனால் அவருக்கு அது கம்ப்ளீட். கட்டிட அனுமதி தருகிற சி.எம்.டி.ஏ.வுக்கு (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) வேறு கம்ப்ளீட், வங்கிக்கு வேறு, மின்வாரியத்துக்கு வேறு, வருமான வரிக்கு இன்னொன்று. ஒரே சொல்லை ஆளாளுக்கு ஒரு பொருளில் பேசுகிறார்கள். பணம் கொடுக்கிற நாம் மட்டும் எல்லாம் ஒன்றுதான் என்று தலையாட்டிக்கொண்டிருக்கிறோம். நான் பட்டதை வரிசைப்படுத்தி எழுதியிருக்கிறேன். சென்னையில் புது ஃபிளாட் வாங்குகிறவர்களை மனத்தில் வைத்து எழுதியது. ஊருக்கு ஊர் அலுவலகம் மாறும். சென்னைப் பெருநகர எல்லைக்கு வெளியே என்றால் சி.எம்.டி.ஏ. என்று நான் சொல்கிற பல இடங்களில் டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அல்லது உள்ளாட்சி என்று படித்துக்கொள்ளுங்கள்.

1. டைல்ஸைப் பார்க்கும் முன் மீட்டர் பலகையைப் பாருங்கள்

வீடு பார்க்கப் போனவுடன் மேலே ஏறிவிடாதீர்கள். கீழே ஸ்டில்ட்டில் வண்டி நிறுத்தும் இடத்தின் ஓரமாக மீட்டர் பலகை இருக்கும். நான் பார்த்த கட்டிடத்தில் 12 வீட்டுக்கான இடமும் காலியாக இருந்தது; ஒவ்வொன்றிலிருந்தும் சிவப்பும் கறுப்புமாக ஒயர் முனை டேப் சுற்றித் தொங்கிக்கொண்டிருந்தது. மூலையில் ஒரே ஒரு மீட்டர் மட்டும் ஓடியது. அது கட்டுமான வேலைக்கு வாங்கிய தற்காலிக இணைப்பு. எனக்கு லிஃப்ட் ஓட்டிக் காட்டியது அந்தக் கரண்டில்தான். அன்றைக்கு அது என் கண்ணில் பட்டது, புத்தியில் படவில்லை.

நிறைவுச் சான்று (கட்டிடம் அனுமதிப்படி முடிந்தது என்று சி.எம்.டி.ஏ. தருவது) கட்டாயமான கட்டிடத்தில், அந்தச் சான்று இல்லாமல் மின்வாரியம் நிரந்தர இணைப்பு தராது. குடிநீர், கழிவுநீர் இணைப்புகளுக்கும் இதே கதைதான். ஆக, வீட்டுக்கு வீடு மீட்டர் மாட்டியிருந்தால் சான்று வந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. பலகை காலி என்றால் "கம்ப்ளீட்" என்ற பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.

சிலர் "தற்காலிக இணைப்பிலேயே குடி வந்துவிடுங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்பார்கள். வேண்டாம். கட்டணம் அதிகம் என்பது ஒரு பக்கம். நீங்கள் குடியேறிவிட்டால் அதற்கப்புறம் சான்று வாங்க பில்டருக்கு எந்த அவசரமும் இருக்காது.

2. "நிறைவுச் சான்று நகல் கொடுங்கள்" என்று கேளுங்கள்

"கம்ப்ளீட் ஆகிவிட்டதா?" என்று கேட்டால் எப்போதும் "ஆமாம்" என்றுதான் பதில் வரும். "சி.எம்.டி.ஏ. நிறைவுச் சான்று நகல் கொடுங்கள், எண்ணும் தேதியும் பார்க்க வேண்டும்" என்று கேளுங்கள். பதில் உடனே மாறும். எனக்குக் கிடைத்த பதில்கள்: "அப்ளை பண்ணிட்டோம் சார்", "இன்ஸ்பெக்ஷன் முடிஞ்சிடுச்சு சார்", "ஃபைல் டேபிள்ல இருக்கு சார்". மூன்றுக்கும் ஒரே பொருள்தான்: இல்லை.

இன்னொரு தாளை நீட்டவும் வாய்ப்புண்டு. கட்டிடக்கலைஞரோ பொறியாளரோ கையெழுத்துப் போட்டு, வேலை வரைபடப்படி முடிந்துவிட்டது என்று கொடுக்கிற சான்று. தலைப்பில் அதே "கம்ப்ளீஷன்" இருக்கும். அது பில்டர் தரப்பு ஆள் கொடுப்பது, அரசு கொடுப்பதல்ல. லெட்டர்ஹெட்டைப் பாருங்கள், போதும்.

கர்நாடகத்தில் வீடு வாங்கிய நண்பர்கள் "ஓ.சி. கேட்டாயா?" என்று குழப்புவார்கள். அங்கே குடியேறும் சான்று என்று தனியாக ஒன்று பேசப்படுகிறது. நம் ஊரில் நாம் பார்க்க வேண்டியது இந்த நிறைவுச் சான்றைத்தான்.

சான்று கையில் வந்ததும் மூன்று விஷயங்களைத் திட்ட அனுமதி வரைபடத்தோடு வைத்து ஒப்பிடுங்கள். திட்ட அனுமதி எண் ஒன்றா? மாடிகளின் எண்ணிக்கையும் வீடுகளின் எண்ணிக்கையும் ஒன்றா? உங்கள் வீடு இருக்கிற பிளாக் அதில் அடங்குமா? கடைசிக் கேள்வியைப் பெரிய வளாகங்களில் கட்டாயம் கேட்க வேண்டும். சில பிளாக்குகளுக்கு மட்டும் பகுதிச் சான்று வாங்கிவிட்டு மொத்த வளாகத்துக்கும் அதையே காட்டுவது நடக்கிற கதை.

சின்னக் கட்டிடங்களுக்கு விலக்கு உண்டு. 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டிட விதிகளிலேயே இருந்த விலக்கைப் பிறகு தளர்த்தி, 14 மீட்டர் உயரம், 8 வீடு, 750 சதுர மீட்டர் என்ற அளவுகளுக்குள் இருக்கிற குடியிருப்புக்கு நிறைவுச் சான்று வேண்டாம் என்று ஆக்கியிருக்கிறார்கள். அந்த வகையில் வாங்குகிறீர்கள் என்றால் இல்லாத சான்றைக் கேட்டு அலைய வேண்டாம். ஆனால் வரைபடத்தையும் டேப்பையும் எடுத்துக்கொண்டு நீங்களே சுற்றி வர வேண்டியிருக்கும். பக்கவாட்டில் விட வேண்டிய இடத்தை விட்டிருக்கிறார்களா, வண்டி நிறுத்தும் இடத்தில் புதிதாக ஓர் அறை முளைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

3. சான்று வரும் முன் ஒரு ரூபாய் கொடுத்தாலும் ஜி.எஸ்.டி. வரும்

எனக்கு அதிகம் வலித்த இடம் இதுதான். நிறைவுச் சான்று தேவைப்படும் கட்டிடத்தில், விலைப் பணம் முழுவதும் அந்தச் சான்று வந்த பிறகு கொடுக்கப்பட்டால் ஜி.எஸ்.டி. கிடையாது. அல்லது முதல் குடியேற்றத்துக்குப் பிறகு. இரண்டில் எது முந்தியதோ அது. இதில் கவனிக்க வேண்டிய சொல் "முழுவதும்". முன்பணமாக ஒரு பகுதியைச் சான்றுக்கு முன்பே கொடுத்துவிட்டால் அது கட்டி முடிக்கப்படாத வீட்டின் விற்பனையாகிவிடுகிறது. வரி விழுவது முன்பணத்துக்கு மட்டுமல்ல, மொத்த விலைக்கும்.

2019 ஏப்ரல் முதல் விகிதம் 5 சதவீதம். வீட்டின் விலை 45 லட்சத்துக்குள்ளும், சென்னை போன்ற பெருநகரத்தில் கார்ப்பெட் ஏரியா (வீட்டின் உள்பரப்பு) 60 சதுர மீட்டருக்குள்ளும் இருந்தால் 1 சதவீதம். என் வீடு 60 லட்சம். எனவே 3 லட்சம். நான் 2 லட்சம் முன்பணத்தை ஜனவரியில் கொடுக்காமல் ஆகஸ்ட்டில் கொடுத்திருந்தால் இந்த 3 லட்சம் மிஞ்சியிருக்கும். "வேற பார்ட்டி பார்த்துட்டுப் போயிருக்காங்க சார்" என்று அவசரப்படுத்தினார்கள். அந்த வேற பார்ட்டியை நான் இன்றுவரை பார்க்கவில்லை.

பில்டர் "ஜி.எஸ்.டி. உட்பட" என்று விலை சொன்னாலும் இதே கேள்வியைக் கேளுங்கள். சான்றுக்குப் பிறகு வாங்கினால் இல்லாத வரியை அவர் விலைக்குள் சேர்த்து வைத்திருக்கக் கூடாதல்லவா.

மற்ற செலவுகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பர் முதல் புது ஃபிளாட்டின் முதல் விற்பனைக்கு மனைப் பங்கும் (நிலத்தில் உங்கள் பாகம்) கட்டிடமும் சேர்ந்த மொத்த மதிப்பின் மேல் பதிவு. 50 லட்சம் வரை முத்திரைத் தீர்வை 4 சதவீதம், 50 லட்சத்திலிருந்து 3 கோடி வரை 5 சதவீதம், அதற்கு மேல் 7 சதவீதம். எல்லாவற்றுக்கும் பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 60 லட்சத்துக்கு 4,20,000 ஆனது. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால் பில்டருக்குக் கொடுக்கும் பணத்தில் 1 சதவீதம் டி.டி.எஸ். (வருமான வரிப் பிடித்தம்) பிடித்துக் கட்ட வேண்டியது நீங்கள். மறந்தால் நோட்டீஸ் உங்கள் பெயருக்குத்தான் வரும்.

4. ரெராவில் இருக்கிற தேதியும் வாய்த் தேதியும்

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் 8 வீட்டுக்கு மேல் கட்டினால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு கட்டாயம். தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் பதிவு எண்ணைப் போட்டால் திட்டம் எப்போது முடியும் என்று பில்டரே எழுதிக் கொடுத்த தேதி தெரியும்.

எனக்கு வாயால் சொன்னது ஜனவரி. இணையதளத்தில் இருந்தது டிசம்பர். அதாவது ஆகஸ்ட்டில் சாவி கொடுத்த பில்டர் சட்டத்தின் பார்வையில் நான்கு மாதம் முந்திக்கொண்டவர்! 7 மாத வாடகை போச்சே என்று புகார் கொடுக்கப் போனால் என் பக்கம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

ஒப்பந்தத்தில் ஒப்படைக்கும் தேதியை எழுத வையுங்கள். அந்தத் தேதி தவறினால் பணத்தை வட்டியோடு திருப்பிக் கேட்கலாம். அல்லது வீட்டை விடாமல், சாவி கிடைக்கும்வரை மாதாமாதம் வட்டி கேட்கலாம். ரெரா சட்டத்தின் 18-வது பிரிவு இது. விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்குவதையும் அதே சட்டம் தடுக்கிறது. "ஒப்பந்தம் பிறகு போடலாம், முதலில் 20 லட்சம் போடுங்கள்" என்று யாராவது சொன்னால் 13-வது பிரிவு என்று மட்டும் சொல்லிப் பாருங்கள்.

5. வங்கியும் வருமான வரியும்

வங்கி கட்டம் கட்டமாகப் பணம் விடும். அடித்தளம், ஒவ்வொரு தளம், செங்கல் வேலை, பூச்சு, கடைசியில் ஒப்படைப்பு. கடைசித் தவணை பெரும்பாலும் 5 சதவீதம் இருக்கும். பில்டர் டிமாண்ட் லெட்டர் அனுப்பி, வங்கியின் மதிப்பீட்டாளர் வந்து பார்த்து "முடிந்தது" என்று எழுதினால் பணம் போய்விடும். அவர் பார்ப்பது சுவரையும் தரையையும். உங்கள் வீட்டில் மீட்டர் இருக்கிறதா என்பது அவருடைய படிவத்தில் வராமலே போகலாம். நிறைவுச் சான்று வரும்வரை கடைசித் தவணையை விட வேண்டாம் என்று வங்கிக்கு மின்னஞ்சல் எழுதி வைத்துவிடுங்கள். பில்டர் உங்களைத் தேடி வர அந்த 5 சதவீதம்தான் ஒரே காரணமாக இருக்கும்.

வருமான வரியில் பழைய முறையைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. சொந்தக் குடியிருப்புக்கான கடன் வட்டியில் ஆண்டுக்கு 2 லட்சம் வரை கழிக்கலாம். ஆனால் கடன் வாங்கிய நிதியாண்டு முடிந்ததிலிருந்து 5 ஆண்டுக்குள் கட்டுமானம் முடிந்திருக்க வேண்டும். 2018 நவம்பரில் கடன் என்றால் 2024 மார்ச் 31-க்குள். தாண்டினால் 2 லட்சம் 30,000 ஆகச் சுருங்கிவிடும். கட்டுமானம் நடந்த காலத்தில் கட்டிய வட்டியை, வீடு முடிந்த ஆண்டிலிருந்து 5 சம பங்காகப் பிரித்துக் கழிக்கலாம். அதுவும் அந்த 2 லட்சத்துக்குள்ளேயேதான். எனவே உங்கள் ஆடிட்டர் "எப்போ கம்ப்ளீட் ஆச்சு?" என்று கேட்டால் கிரகப்பிரவேச பத்திரிகையை அனுப்பாதீர்கள். நிறைவுச் சான்றையும் ஒப்படைப்புக் கடிதத்தையும் அனுப்புங்கள்.

6. சாவி வாங்கும் முன் ஒரு முழு நாள்

சான்று வந்துவிட்டால் அரசாங்கத்தைப் பொறுத்தவரை வீடு முடிந்துவிட்டது. உங்கள் குளியலறைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை எந்த அதிகாரியும் பார்க்கப்போவதில்லை. அதற்கு ஒரு நாள் லீவு போடுங்கள். மாலையில் போகாதீர்கள், பகல் வெளிச்சத்தில்தான் பூச்சின் மேடு பள்ளம் தெரியும்.

பொதுப்பணித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் கொண்டு வந்தது ஒரு ஐந்து ரூபாய் நாணயம், ஒரு கோலிக்குண்டு, ஒரு சாக்பீஸ், ஒரு டேப். பில்டரின் சைட் இன்ஜினியர் கோலியைப் பார்த்துச் சிரித்தார். சித்தப்பா பால்கனி நடுவில் கோலியை வைத்துவிட்டுக் கையை எடுத்தார். தண்ணீர்க் குழிக்குப் போக வேண்டிய கோலி நிதானமாக உருண்டு வந்து ஹால் கதவின் நிலையில் மோதி நின்றது. "மழை பெஞ்சா தண்ணி எங்கப்பா போகும்? சோபாவுக்கா?" என்றார். இன்ஜினியர் நோட்டை எடுத்தார்.

நாணயம் டைல்ஸுக்கு. ஒவ்வொரு டைலின் நான்கு மூலையிலும் நடுவிலும் தட்ட வேண்டும். அடியில் கலவை நிறைந்திருந்தால் ஓசை கெட்டியாக இருக்கும். வெற்றிடம் இருந்தால் காலிப் பானையைத் தட்டியதுபோல் கேட்கும். கேட்ட இடத்தில் எல்லாம் சாக்பீஸால் பெருக்கல் குறி. சமையலறையில் மட்டும் 9 குறி விழுந்தது.

குளியலறையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள். தேங்கி நிற்கும் இடத்தைச் சுற்றிக் கோடு போட்டுப் படம் எடுங்கள். மேல்வீட்டுக் குளியலறைக்கு நேர்கீழே உங்கள் சீலிங்கில் மஞ்சள் கறை இருக்கிறதா என்று அண்ணாந்து பாருங்கள். முடிந்தால் ஐப்பசி, கார்த்திகை மழை ஒன்று போன பிறகு போவது நல்லது. ஜன்னல் ஓரத்து ஓதம் அப்போதுதான் வெளியே வரும்.

எல்லா பிளக் பாயின்ட்டிலும் சார்ஜரைச் சொருகிப் பாருங்கள். எல்லாக் கதவையும் மூடித் தாழ் போட்டுத் திறங்கள். டேப்பால் அறை அளவை எடுத்து ஒப்பந்தத்தில் உள்ள கார்ப்பெட் ஏரியாவோடு ஒத்துப்பாருங்கள். ரெரா கணக்குப்படி வெளிச்சுவரும் பால்கனியும் அதில் சேராது. அறைகளுக்கு நடுவில் உள்ள சுவர் சேரும்.

எங்கள் பட்டியலில் 31 குறை வந்தது. வாய்மொழியாகச் சொன்னதில் ஒன்றுகூட நடக்கவில்லை. எண் போட்டு, படம் சேர்த்து மின்னஞ்சலில் அனுப்பிய பிறகுதான் ஆள் வந்தார்கள்.

7. ஒப்படைப்புக் கடிதத்தில் ஒளிந்திருக்கும் அந்தச் சொல்

சாவி கொடுக்கிற அன்று இனிப்புப் பெட்டியோடு ஒரு கடிதத்தையும் நீட்டுவார்கள். ஆங்கிலத்தில் இருக்கும். என்னுடையதில் இரண்டாம் பத்தியில், வீடு "கம்ப்ளீட் இன் ஆல் ரெஸ்பெக்ட்ஸ்" என்று ஏற்றுக்கொண்டு முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொள்கிறேன், இனி எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை என்று இருந்தது. அதாவது ஜனவரியில் அவர்கள் எனக்குச் சொன்ன சொல்லை ஆகஸ்ட்டில் நான் அவர்களுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.

அப்படியே கையெழுத்துப் போடாதீர்கள். பேனாவை எடுத்து அந்த வரிக்குப் பக்கத்தில் "இணைப்பில் உள்ள 31 குறைகள் நீங்கலாக" என்று எழுதி, அதற்கும் சேர்த்து இரு தரப்பும் கையெழுத்துப் போட்டோம். பட்டியலைப் பின்னால் குத்தினோம். முதலில் "ஃபார்மட்டை மாத்த முடியாது சார்" என்றார்கள். கடைசித் தவணை வங்கியில்தான் இருந்தது. அரை மணி நேரத்தில் ஃபார்மட் மாறியது.

எழுதிக் கொடுத்துவிட்டாலும் எல்லாம் போய்விட்டதாக நினைக்க வேண்டாம். ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் கட்டமைப்பிலோ வேலைத் தரத்திலோ குறை தெரிந்தால், சொன்ன 30 நாளுக்குள் பில்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும் என்பது ரெரா சட்டத்தில் இருக்கிறது. ஆனாலும் "முழுத் திருப்தி" என்று நாமே எழுதிய காகிதத்தை எதிரில் வைத்துக்கொண்டு வாதாடுவானேன்.

அதே மேசையில் வாங்கிக்கொள்ள வேண்டியவை: நிறைவுச் சான்று நகல், அங்கீகரித்த வரைபடம், திட்ட அனுமதிக் கடிதம், தாய்ப்பத்திர நகல்கள், லிஃப்ட் உரிமம், மோட்டாருக்கும் லிஃப்ட்டுக்கும் உள்ள உத்தரவாதச் சீட்டுகள், எல்லா ரசீதும். பிறகு அனுப்புகிறோம் என்றால் பிறகு வராது.

8. குடியேறிய பிறகு மூன்று வேலை

மின் இணைப்பு பில்டர் பெயரில் இருக்கும். பதிவான விற்பனைப் பத்திரத்தைக் காட்டி இணையத்திலேயே உங்கள் பெயருக்கு மாற்றலாம். பதிவு முடிந்து சில நாளில் வில்லங்கச் சான்று போட்டு உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா, கதவு எண்ணும் மனைப் பங்கும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

சொத்து வரிக்கு நீங்களே விண்ணப்பித்துவிடுவது நல்லது. தள்ளிப்போட்டால் பழைய பாக்கியோடு சேர்ந்து வரும். சென்னை மாநகராட்சியில் வரி அரையாண்டுக்கு ஒரு முறை. ஏப்ரலிலும் அக்டோபரிலும் முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை தள்ளுபடி.

31-இல் 27 முடிந்தது. மீதி நான்கில் பால்கனியும் ஒன்று; சித்தப்பா வரும்போதெல்லாம் கோலியை வைத்துப் பார்க்கிறார், அது இன்னும் ஹால் பக்கமாகத்தான் உருள்கிறது. ஐப்பசிக்கு முன் டைல்ஸைப் பெயர்த்துச் சரிவை மாற்றித் தரச் சொல்லிப் போன வாரம் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போட்டிருக்கிறேன்.